காஸ் லைட்டும் பட ராந்தலும்

மாஜிக் லாந்தர் என்பது ஒரு தகரப் பெட்டி. உள்ளே ஒரு விளக்கு. அதன் ஒளியைத் திரட்டிப் பாய்ச்ச ஒரு தடித்த வில்லை. அதன் முன்னால் சித்திரம் தீட்டிய கண்ணாடி. அதற்கும் முன்னால், சித்திரத்தைச் சுவரில் பெரிதாக விழச்செய்யும் இன்னொரு வில்லை. வில்லை உருவத்தைப் புரட்டிவிடும் என்பதால் சித்திரக் கண்ணாடியைத் தலைகீழாகவே செருக வேண்டும். நெதர்லாந்து அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659 வாக்கில் இதை அமைத்தார். நெடுங்காலம் அது வீட்டுக் கூடத்து வேடிக்கையாகவும் சிறு கூட்டத்துக்கான காட்சியாகவுமே இருந்தது. எண்ணெய்த் திரியின் ஒளி ஓர் அறைச் சுவருக்குப் போதும். படத்தைப் பெரிதாக்கினால் மங்கிவிடும். ஆயிரம் பேர் கூடிய மண்டபத்தில் அந்தப் படம் யாருக்கும் தெரியாது. விக்டோரியா அரசியின் காலத்தில், அதாவது 1837 முதல் 1901 வரை, படம் காட்டும் கலை கண்ட முன்னேற்றத்தில் பெரும்பகுதி விளக்கில் ஏற்பட்ட முன்னேற்றமே. சினிமா வரலாறுகள் இதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. மின்சாரம் பிந்தி வந்த ஊர்களின் பக்கமிருந்து பார்த்தால் அப்படிக் கடந்துபோக முடியாது.

அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று கள்ளக்குறிச்சி. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மேற்குக் கோடி வட்டம் அது. 1993இல் விழுப்புரம் மாவட்டத்துக்குள் போய், 2019 நவம்பர் 26இல் தனி மாவட்டத்தின் தலைநகரானது. அதற்கு மேற்கே சுவர்போல் எழுந்து நிற்பது கல்வராயன் மலை. இந்த வட்டாரத்தின் இரவுக்குப் பல நூற்றாண்டுகளாக ஒளி தந்தவை ஆமணக்கெண்ணெயும் இலுப்பையெண்ணெயும் புங்கெண்ணெயும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கப்பலேறி வந்த மண்ணெண்ணெயைச் சனங்கள் ‘சீமை எண்ணெய்’ என்றார்கள். ‘கெரசின் ஆயில்’ வாய்க்கு வாய் மாறிக் ‘கிருஷ்ணாயில்’ ஆனது. அதோடு வந்த விளக்குகளும் தமிழ்ப் பெயர் பூண்டன. ஹரிக்கேன் ‘அரிக்கேன்’ ஆனது, லாந்தர் ‘ராந்தல்’ ஆனது. சிம்னி விளக்கு வீட்டுக்கும், புகை கக்கும் காடா விளக்கு சந்தைக்கடைக்கும் என்று பிரிந்துகொண்டன. மாட்டு வண்டியின் அச்சில் ஆடிக்கொண்டிருந்த ராந்தலுக்கும் படம் காட்டிய மாஜிக் லாந்தருக்கும் பெயர் ஒன்றே என்பது வெறும் தற்செயல் அல்ல. இரண்டும் விளக்கை அடைத்த பெட்டிகள்.

மாஜிக் லாந்தரைப் பெரிய மண்டபத்துக்குக் கொண்டுவந்தது சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவுகிற, சுவருக்கு அடிக்கிற, அதே சுட்ட சுண்ணாம்பு. ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் கலந்து எரித்தால் வரும் சுடர் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, சூடோ கடுமையானது. அந்தச் சுடரைச் சுண்ணாம்பின் மேல் பாய்ச்சினால், அது எளிதில் உருகாமல் வெண்மையாகக் கனன்று ஒளிவிடும். இங்கிலாந்தின் கோல்ட்ஸ்வொர்த்தி கர்னி 1820களில் இந்தச் சுடரை ஆராய்ந்தார். தாமஸ் டிரம்மண்ட் அதை விளக்காக்கி அயர்லாந்து நில அளவைக்குப் பயன்படுத்தினார். அவர் ஏற்றிய ஒளி 1825இல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த மலை உச்சியில் தெரிந்தது. 1837இல் அது லண்டன் கோவன்ட் கார்டன் நாடக அரங்குக்கு வந்தது. ‘லைம்லைட்’ என்ற சொல் புகழ் வெளிச்சத்தைக் குறிக்கலானது அந்த அரங்குகளிலிருந்துதான்.

அந்த விளக்கைப் பார்த்துக்கொள்வது முழுநேர வேலை. சுண்ணாம்பை விரல் பருமன் உருளையாகக் கடைந்து, நடுவே துளையிட்டு, ஓர் ஆணியில் நிறுத்துவார்கள். சுடர் ஒரே இடத்தில் பட்டால் அங்கே குழி விழும். குழி ஆழமானால் சுடர் திரும்பிப் பாய்ந்து வில்லையை வெடிக்கச் செய்யும். எனவே காட்சி முழுவதும் ஒரு கை உருளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வாயு, ரப்பர் பூசிய துணிப் பைகளில் இருக்கும். பைகளை இரு பலகைகளுக்கு நடுவே வைத்து மேலே எடைக்கற்களை ஏற்றினால் அழுத்தம் வரும். ஆக்சிஜனைப் பொட்டாசியம் குளோரேட்டைச் சூடாக்கித் தாங்களே தயாரித்துக்கொண்டார்கள். சுண்ணாம்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பொடிந்துவிடும் என்பதால் உருளைகளைக் காற்றுப் புகாத டப்பாக்களில் காத்தார்கள். ஐப்பசி மழையில் சுட்ட சுண்ணாம்பு என்ன ஆகும் என்று அறிந்த தமிழ்நாட்டாருக்கு இந்தக் கவலையை விளக்க வேண்டியதில்லை.

இந்த ஒளி கிடைத்த பிறகு லாந்தர் கலை வேகமாக வளர்ந்தது. இரண்டு லாந்தர்களை ஒரே திரையில் குவித்து, ஒன்றின் ஒளியைக் குறைத்தபடியே மற்றதைக் கூட்டினால், கோடைக்காலத்து ஆலை பனிக்காலத்து ஆலையாக மெல்லக் கரைந்து மாறும். லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் இதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. இந்தியாவில், மும்பைக்கு அருகே கல்யாணைச் சேர்ந்த மகாதேவ் பட்வர்தன் 1890களில் ‘ஷாம்பரிக் கரோலிகா’ என்ற பெயரில் புராணக் கதைகளைக் கண்ணாடியில் தீட்டி, பாட்டும் வசனமும் சேர்த்து ஊர் ஊராகக் காட்டினார். தமிழ்நாட்டில் லாந்தரைக் கிராமங்களுக்குத் தூக்கிச் சென்றவர்கள் பெரும்பாலும் பாதிரிமார்கள். பின்னாளில் சுகாதாரத் துறையினர் காலராவையும் அம்மையையும் பற்றிப் படம் காட்டிப் பேசினார்கள். அந்தக் கூட்டங்களை ‘மாஜிக் லாந்தர் பிரசங்கம்’ என்று அழைத்தார்கள். விளக்கொளியில் உருவம் காட்டுவது தமிழருக்குப் புதிதல்ல. தோல்பாவைக் கூத்தில் வண்ணம் ஏற்றிய ஆட்டுத்தோல் பாவைகளுக்குப் பின்னால் விளக்கு எரியும், முன்னால் வேட்டித்துணி திரையாகும். வில்லை மட்டுமே அங்கே இல்லை.

குழாய் வழியே வரும் நிலக்கரி வாயு இன்னொரு விக்டோரியா காலப் பெருமை. வில்லியம் மர்டாக் 1792இல் தம் வீட்டில் அதை எரித்தார். 1807இல் லண்டன் பால் மால் தெருவில் வாயு விளக்குகள் நின்றன. கல்கத்தாத் தெருக்களில் 1857இலும் பம்பாயில் 1865இலும் அவை ஏறின. தமிழ்நாட்டின் உள்நாட்டு ஊர்களுக்கு அந்தக் குழாய் வரவேயில்லை. ஆனால் ‘காஸ் லைட்’ என்ற சொல் வந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் மண்ணெண்ணெய் ஊற்றிக் காற்றடித்து ஏற்றும் பெட்ரோமாக்ஸ் விளக்கு. அப்படி அழைத்ததில் பிழை ஏதுமில்லை. அந்த விளக்கில் எரிவது எண்ணெய் அல்ல. சூட்டில் ஆவியான வாயுதான்.

அந்த விளக்கின் உயிர், மேண்டில். ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1885இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பஞ்சு நூலில் பின்னிய சிறு பையை உலோக உப்புக் கரைசலில் நனைத்து உலர்த்தி, சுடரின் மேல் கட்டி எரித்தால் நூல் சாம்பலாகிவிடும். உலோக ஆக்சைடு மட்டும் வலை வடிவில் எஞ்சி நின்று ஒளிவிடும். சுண்ணாம்பு உருளை செய்த வேலையைச் சாதாரணச் சுடரிலேயே செய்கிற வலை இது. முதல் மேண்டில்கள் பச்சையாக மங்கின. 1891இல் அவர் சரியான கலவையைக் கண்டார்: நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. மின் விளக்கோடு போட்டியில் தோற்றுக்கொண்டிருந்த வாயு விளக்கு மேலும் சில பத்தாண்டுகள் பிழைத்துக்கிடந்தது இந்தக் கலவையால்தான்.

தோரியம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் கதை தமிழ் நிலத்துக்குத் திரும்புகிறது. தொடக்கத்தில் பிரேசில் கடற்கரையின் மோனசைட் மணலே மேண்டில் தொழிலுக்கு மூலப்பொருள். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அந்த மணலைத் தேடி வந்தவர் சேர்ந்த இடம், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் மணவாளக்குறிச்சி. அங்கே மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. சில ஆண்டுகளில் திருவிதாங்கூர் மணல் பிரேசிலைப் பின்னுக்குத் தள்ளியது. அரிய மணல் ஆலை அங்கே இன்றும் இயங்குகிறது. பெர்லினில் லண்டனில் எரிந்த மேண்டிலில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை இருந்தது. அதே மேண்டில் கப்பலில் திரும்பி வந்து கள்ளக்குறிச்சித் தேர்த் திருவிழாவில் எரிந்தது. மணல் அள்ளிய மீனவக் கிராமத்தாருக்கு அந்தக் கறுப்பு மணல் எந்த ஊர் விளக்கில் முடிகிறது என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பெட்ரோமாக்ஸ் என்ற பெயர், பெர்லினின் எரிக் அண்டு கிரெட்ஸ் நிறுவனத்தின் மாக்ஸ் கிரெட்ஸ் பெயரையும் பெட்ரோலியத்தையும் சேர்த்து உண்டானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்த அது, விளக்கு வகைக்கே பொதுப்பெயராகிவிட்டது. அதை ஏற்றுவது ஒரு சடங்கு. முதலில் சிறு கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, குழாயைச் சூடாக்க வேண்டும். நீலச் சுடர் அணையும் தறுவாயில் பம்பை அடித்தால் மண்ணெண்ணெய் மேலேறிச் சூடான குழாயில் ஆவியாகி மேண்டிலுக்குள் பாயும். ஒரு ‘பக்’, பிறகு தொடர்ந்து ஒரு சீறல், வெள்ளை ஒளி. சூடாகும் முன்பே அவசரப்பட்டு அடித்தால் எண்ணெய் பீய்ச்சி விளக்கே தீப்பிடிக்கும். ஒருமுறை எரிந்த மேண்டில் சாம்பல் வலை. விரல் பட்டால் போயிற்று, பூச்சி மோதினால் ஓட்டை விழும். அதனால் வாடகைக்கு விளக்கு விடும் சைக்கிள் கடைக்காரர் மேண்டிலுக்குத் தனிக் கணக்கு வைத்திருப்பார். 1984இல் வந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் மேண்டிலை வைத்துக் கவுண்டமணியும் செந்திலும் நடத்திய காட்சி இத்தனை ஆண்டுகள் நினைவில் நிற்பதற்கு, பார்த்த சனங்கள் அத்தனை பேருக்கும் அந்தச் சாம்பல் வலையின் மென்மை கையால் தெரிந்திருந்தது ஒரு காரணம்.

இந்த விளக்கால் அதிகம் மாறியது தெருக்கூத்து. கள்ளக்குறிச்சி வட்டாரம் பாரதக் கூத்தின் மண். திரௌபதியம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று விழா நாள்கணக்கில் நடக்கும். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துக் கூவாகத்தில் சித்திரையில் கூத்தாண்டவராகக் கொண்டாடப்படும் அரவானும் பாரதத்து மகனே. இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை ஆடும் கூத்துக்குப் பழைய வெளிச்சம் தீவட்டி. துணியைச் சுருட்டிக் கம்பியில் இறுக்கி எண்ணெயில் தோய்த்த பந்தத்தை இருபுறமும் இருவர் பிடித்து நிற்பார்கள். வெளிச்சம் குறையும்போது எண்ணெய் வார்ப்பார்கள். பல ஊர்களில் அது வண்ணார் சமூகத்தின் கட்டாயக் கடமையாக இருந்தது. இரவெல்லாம் கைவலிக்க நின்றவர்களுக்குக் கூத்தின் வரலாற்றில் ஓர் இடம் உண்டு, எழுதியவர்கள் குறைவு.

தீவட்டி ஆடும் ஒளி. அது வேடதாரியின் அருகில் வந்தால்தான் முகம் தெரியும். கிரீடத்திலும் புஜகீர்த்தியிலும் பதித்த கண்ணாடித் துண்டுகளும் காக்காய்ப்பொன்னும் அந்த மஞ்சள் ஒளியை வாரி இறைப்பதற்கென்றே வைத்தவை. அடர்ந்த அரிதாரமும் அதற்காகவே. கம்பத்தில் தொங்கிய காஸ் லைட் இந்தக் கணக்கை மாற்றியது. ஒளி நிலையானது, வெண்மையானது, களரி முழுவதும் பரவியது. பின்வரிசையில் உட்கார்ந்த பாட்டிக்கும் துரியோதனன் முகம் தெரிந்தது. தீவட்டிக்காரர்களின் கைகள் விடுபட்டன. அதே நேரம், ஒளியை நோக்கி வேடம் நடந்துவருகிற அந்த இயல்பு குறைந்தது; திரைவிலகலின்போது பந்தச் சுடரில் பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் எழும் பீமன் தரும் அச்சம் தணிந்தது. லாபமே அதிகம் என்றாலும் இழப்பும் மெய்யானது. கலியாண ஊர்வலத்துக்கும் சாமி புறப்பாட்டுக்கும் காஸ் லைட்டைத் தலையில் சும்மாடு கூட்டித் தூக்கி நடந்தார்கள். தூக்குவோர் கழுத்து வலிக்கும், வெக்கை முகத்தில் அடிக்கும்.

அசையும் படம் இந்த விளக்குகளுக்குப் பின்னாலேயே வந்தது. சுழலும் வட்டுகளும் உருளைகளும் 1830களிலேயே சித்திரங்களை அசையவைத்திருந்தன; எட்வர்ட் மைபிரிட்ஜ் 1879 முதல் ஓடும் குதிரையைத் திரையில் காட்டினார்; எடிசனின் கினிட்டோஸ்கோப்பை ஒருவர் மட்டும் குனிந்து பார்க்கலாம். லூமியேர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28இல் பாரிஸில் கட்டணம் வாங்கிப் பலருக்கும் காட்டினார்கள். புதியது பிலிமும், அதை நொடிக்குப் பதினாறு முறை நிறுத்தி நிறுத்தி நகர்த்தும் இயந்திரமும் மட்டுமே. பின்னால் ஒளி தந்தது பழைய லாந்தர்ப் பெட்டி. தொடக்ககால புரொஜெக்டர்கள் பல, வைத்திருக்கும் மாஜிக் லாந்தரின் முன்னால் பொருத்திக்கொள்ளும் கருவிகளாகவே விற்பனையாயின. விளக்கின் ஆபத்துகளும் கூடவே வந்தன. ஹைட்ரஜனுக்குப் பதில் ஈதர் ஆவியை எரிக்கும் விளக்கு ஒன்று, 1897 மே 4இல் பாரிஸ் தருமச் சந்தைக் கொட்டகையில் தீப்பற்றியது. விளக்குக்கு ஈதர் நிரப்பும்போது கிழித்த ஒரு தீக்குச்சியே காரணம்; நூற்றிருபதுக்கும் மேற்பட்டோர் கருகி இறந்தனர், பெரும்பாலும் பெண்கள்.

பம்பாய் வாட்சன் ஓட்டலில் 1896 ஜூலை 7இல் லூமியேர் படங்கள் ஓடின. சென்னையில் விக்டோரியா பப்ளிக் ஹாலில் 1896–97இல் முதல் காட்சிகள் நடந்தன. ஆனால் படம் தமிழ்நாட்டின் உள்ளூர்களுக்குப் போனது ஒரு ரயில்வே குமாஸ்தாவின் துணிச்சலால். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் அங்கே வந்து நோயுற்ற டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படங்களையும் இரண்டாயிரம் ரூபாய்க்குமேல் கொடுத்து வாங்கினார். அவற்றில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு வட இந்தியா வரையும் பர்மா வரையும் சுற்றினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார். அவரைப் பின்பற்றிப் பலர் கிளம்பினார்கள். சந்தை கூடும் ஊர், அறுவடை முடிந்த மாதம், திருவிழா நாள் பார்த்துக் கூடாரம் எழும். மின்சாரம் இல்லாத இடத்தில் படத்துக்குச் சுண்ணாம்பு ஒளி அல்லது கார்பைடு விளக்கு. கூட்டத்துக்கும் டிக்கெட் மேசைக்கும் காஸ் லைட். கால்சியம் கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டினால் அசிட்டிலின் வாயு வரும். நாற்றம் குடலைப் புரட்டும், ஒளி சுமார்தான், ஆனால் பையில் போட்டு எடுத்துப்போகலாம். கைப்பிடியைச் சுற்றிப் படத்தை ஓட்டினார்கள். ஊமைப்படத்தின் கதையைத் திரையின் பக்கத்தில் நின்று உரக்கச் சொல்ல ஓர் ஆள் இருந்தார். கூத்தில் கட்டியக்காரன் பேச்சைக் கேட்டுப் பழகிய சனங்களுக்கு அவர் அந்நியரல்ல.

1931 அக்டோபர் 31இல் பேசும் படமான ‘காளிதாஸ்’ வந்தபின் விளக்கு மட்டும் போதவில்லை. பேச்சுக்கு மின்சாரம் வேண்டும். டூரிங் டாக்கீஸ்காரர்கள் ஆயில் இன்ஜினையும் டைனமோவையும் சேர்த்தே சுமந்தார்கள். மேட்டூர் நீர்மின் நிலையம் 1937இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் கிராமங்களுக்குக் கம்பி இழுத்தது பெரிதும் 1950களிலும் அறுபதுகளிலும்தான். அதுவரை கள்ளக்குறிச்சி, சின்னசேலம், தியாகதுருகம் போன்ற ஊர்ப்புறங்களில் கீற்றுக் கொட்டகைப் படம் என்றால், கொட்டகைக்குப் பின்னால் குதிக்கும் இன்ஜின் சத்தமும் சேர்ந்ததே. ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற ஒவ்வொரு முறையும் இடைவேளை. ஒரு படத்துக்கு மூன்று நான்கு. ஆபரேட்டர் அறையில் இரண்டு கார்பன் குச்சிகளின் நுனிகளுக்கு நடுவே வில்லொளி எரியும். குச்சி தேயத் தேய இடைவெளியைத் திருகிச் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் திரை மஞ்சளித்து மங்கும், கொட்டகை முழுவதும் சீட்டியடிக்கும். சுண்ணாம்பு உருளையைத் திருப்பிக்கொண்டிருந்த கை இங்கே கார்பனைத் திருகிக்கொண்டிருந்தது.

மலையின் கதை வேறு. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற ஜாகீர்தார்களின் ஆட்சியில், வரியும் கூலியில்லா உழைப்பும் கொடுத்து வாழ்ந்தார்கள். நாடு விடுதலையான பிறகும் அது நீடித்தது. 1976இல்தான் முற்றிலும் முடிந்தது. சாலையும் மின்கம்பமும் வெள்ளிமலைக்கும் அதைச் சுற்றிய ஊர்களுக்கும் பெரும்பாலும் அதற்குப் பிறகு ஏறியவை. கடுக்காயும் புளியும் தேனும் சுமந்து அடிவாரத்துச் சந்தைக்கு இறங்கியவர்கள், திரும்பும்போது உப்போடு மண்ணெண்ணெயும் வாங்கிப்போனார்கள். இன்ஜினும் புரொஜெக்டரும் கூடாரமும் வண்டிப் பாதை இருந்தால்தான் போகும். காஸ் லைட்டை ஒரு மனிதர் ஒற்றையடிப் பாதையில் கையில் தூக்கிக்கொண்டு ஏறிவிடலாம். ஒரு சீசா எண்ணெய், ஒரு சீசா ஸ்பிரிட், காகிதத்தில் சுற்றிய இரண்டு மேண்டில் போதும்.

சமவெளியில் டூரிங் கொட்டகை இருந்த ஊர்ச் சிறுவர்கள், ஆபரேட்டர் வெட்டியெறிந்த பிலிம் துண்டுகளைப் பொறுக்கினார்கள். பீஸ் போன பல்பின் உள்ளே இருந்ததை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் அது வில்லை. வெயிலில் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, ஓலைக் குடிசையின் துவாரம் வழியே ஒளியை உள்ளே அடிப்பான். இன்னொருவன் பிலிமைப் பல்பின் முன்னால் பிடிப்பான். எதிர்ச் சுவரில் அப்பாவின் வேட்டி. முதலில் எம்.ஜி.ஆர். தலைகீழாக நிற்பார். பிலிமைப் புரட்டிப் பிடித்தால் நேராவார்.